நாஜி ஜெர்மனி: சர்வாதிகாரம் வந்த வழி, யூத வெறுப்பு சட்டமான கதை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கறாரான மேலதிகாரிக்கும் கண்டிப்பான வாத்தியாருக்கும் 'ஹிட்லர்' என்று பட்டப்பெயர் வைப்பது நம் ஊர் வழக்கம். "கெட்டவர்தான், ஆனால் நாட்டை நிமிர்த்தினார் இல்லையா?" என்று கேட்பவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. பள்ளிப் பாடத்தில் வெர்சாய் ஒப்பந்தம், ஹிட்லர், இரண்டாம் உலகப் போர் என்று இரண்டு பக்கத்தில் ஓடி முடிந்துவிடும் பகுதி இது. அந்த அவசரத்தில் விடுபட்டது நிறைய. முக்கியமாக, இவ்வளவு பெரிய கொடுமையில் கையெழுத்தும் முத்திரையும் அரசு ஆணையும் எவ்வளவு வேலை செய்தன என்பது விடுபட்டுப் போயிற்று. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு அந்தக் கோணத்திலேயே பதில் எழுதியிருக்கிறேன்.

ஹிட்லர் தேர்தலில் ஜெயித்துத்தானே ஆட்சிக்கு வந்தார்?

இல்லை. சுதந்திரமாக நடந்த எந்தத் தேர்தலிலும் அவருடைய கட்சிக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. 1932 ஜூலையில் கிடைத்த 37 சதவீதமும் 230 இடங்களும்தான் உச்சம். அதே ஆண்டு ஏப்ரலில் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று, அப்போதைய குடியரசுத் தலைவரும் முதல் உலகப் போர்த் தளபதியுமான கிழவர் ஹிண்டன்பர்க்கிடம் தோற்றார். நவம்பரில் மறுபடி நாடாளுமன்றத் தேர்தல் வந்தபோது நாஜிகள் சுமார் 20 லட்சம் ஓட்டுகளை இழந்து, 33 சதவீதத்துக்கும் 196 இடங்களுக்கும் இறங்கினார்கள். கட்சியின் கஜானாவும் காலி. அலை ஓய்ந்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின.

அந்த நவம்பருக்கும் அடுத்த ஜனவரிக்கும் நடுவில் மக்கள் எந்தப் புதுத் தீர்ப்பும் சொல்லவில்லை. நடந்ததெல்லாம் அறைக்குள் நடந்த பேரம்.

யார் பேரம் பேசினார்கள்?

முக்கியமானவர் ஃபிரான்ஸ் ஃபான் பாப்பென். பழைய பிரபு குடும்பம், 1932-ல் சில மாதங்கள் சான்சலராக, அதாவது அரசின் தலைவராக, இருந்து பதவி இழந்தவர். தன்னை வீழ்த்திவிட்டு அந்தப் பதவிக்கு வந்த ஜெனரல் ஷ்லைஷரைப் பழிவாங்கத் துடித்துக்கொண்டிருந்தார். 1933 ஜனவரி 4 அன்று கொலோன் நகரில் ஒரு வங்கியாளர் வீட்டில் ஹிட்லரைச் சந்தித்தார். அப்புறம் 85 வயதான ஹிண்டன்பர்க்கிடம் கரையாகக் கரைத்தார். "ஹிட்லரைச் சான்சலர் ஆக்குவோம், நான் துணைச் சான்சலராக இருந்து பார்த்துக்கொள்கிறேன், அமைச்சரவையில் நாஜிகள் மொத்தம் மூன்றே பேர்தான்" என்பது அவர் போட்ட கணக்கு. இரண்டே மாதத்தில் ஹிட்லரை மூலையில் நெருக்கிக் கீச்சிட வைத்துவிடுவோம் என்று ஒரு நண்பரிடம் பெருமையடித்துக்கொண்டதும் பதிவாகியிருக்கிறது.

ஜனவரி 30 அன்று ஹிட்லர் பதவியேற்றார். அந்த மூன்று பேர் யார் என்று பாருங்கள். ஹிட்லர் சான்சலர். ஃப்ரிக் உள்துறை. கோரிங் கையில் பிரஷ்ய மாநிலத்தின் உள்துறை. ஜெர்மனியின் ஐந்தில் மூன்று பங்கு பிரஷ்யா. ஆகவே நாட்டின் பெரும்பாலான போலீஸ் கோரிங் கைக்குப் போயிற்று. பாப்பென் தலையை எண்ணினார், அவர்கள் போலீஸை எண்ணினார்கள்.

நாஜிகளைப் பிடித்துப்போய் அவர்களை மேலே ஏற்றிவிட்டவர்கள் அல்ல இவர்கள். கம்யூனிஸ்டுகள் மேல் பயம், குடியரசு ஆட்சி மேல் வெறுப்பு, இந்த முரட்டுக் கூட்டத்தின் ஓட்டு மட்டும் நமக்கு வேண்டும் என்ற ஆசை. இந்த மூன்றும் சேர்ந்துதான் கதவைத் திறந்தன.

1928-ல் வெறும் 2.6 சதவீதம் வாங்கிய கட்சி நான்கு வருஷத்தில் எப்படி இவ்வளவு வளர்ந்தது?

1929-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்ததும், ஜெர்மனிக்குக் கடன் கொடுத்திருந்த வங்கிகள் பணத்தைத் திரும்பக் கேட்டன. ஆலைகள் மூடின. 1932 தொடக்கத்தில் வேலையில்லாதவர்கள் 60 லட்சம். ஆனால் அந்த வேலையில்லாதவர்களே நாஜிகளுக்கு ஓட்டுப் போட்டார்கள் என்று நினைப்பது தப்பு. அவர்களில் பலர் கம்யூனிஸ்டுகள் பக்கம்தான் போனார்கள். நாஜிகளுக்குத் திரண்டது வடக்கிலும் கிழக்கிலும் இருந்த புராட்டஸ்டன்ட் கிராமங்கள், கடன்பட்ட விவசாயிகள், சிறு கடைக்காரர்கள், குமாஸ்தாக்கள், ஓய்வூதியக்காரர்கள். எல்லாம் போய்விடும் என்று பயந்தவர்கள். கத்தோலிக்கப் பகுதிகளிலும் தொழிலாளர் பகுதிகளிலும் ஓட்டு குறைவு.

இன்னொன்று. 1930 முதலே நாடாளுமன்றம் பெயரளவில்தான் இருந்தது. அரசியல் சாசனத்தின் 48-வது பிரிவு குடியரசுத் தலைவருக்கு அவசர ஆணை போடும் அதிகாரம் கொடுத்திருந்தது. ஆபத்துக் காலத்துக்கென்று வைத்த பிரிவு. பிரூனிங் சான்சலரான பிறகு பட்ஜெட் முதல் வரி வரை அதை வைத்தே ஆட்சி நடந்தது. ஆக, ஹிட்லர் வந்தபோது ஆணையால் ஆளப்படுவது மக்களுக்கு ஏற்கெனவே பழகிப்போயிருந்தது. இதைப் பலர் கவனிப்பதில்லை. நான் மிக முக்கியமாக நினைப்பது இதைத்தான்.

வெர்சாய் ஒப்பந்தமும் பணவீக்கமும்தானே உண்மையான காரணம்?

ஓரளவுக்கு. முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி மேல் கடுமையான நிபந்தனைகளைச் சுமத்திய ஒப்பந்தம் அது. 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் என்ற நிலை வந்து, நடுத்தர வர்க்கத்தின் சேமிப்பு காற்றோடு போனது. அதே மாதம் ஹிட்லர் மியூனிக் பீர் மண்டபத்தில் கலகம் செய்தார். அது படுதோல்வி. 1924 முதல் 1929 வரை பொருளாதாரம் ஓரளவு தேறியதும் நாஜிகளைச் சீந்துவாரில்லை. அதே வெர்சாய் ஒப்பந்தம் அப்போதும் அப்படியேதான் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

ஒப்பந்தத்தைவிட அதிகம் விஷம் ஏற்றியது ஒரு கட்டுக்கதை. 1918-ல் ஜெர்மன் ராணுவம் களத்தில் தோற்றது. தளபதிகளே போரை நிறுத்தச் சொல்லி அவசரப்படுத்தினார்கள். ஆனால் 1919 நவம்பரில் நாடாளுமன்ற விசாரணைக் குழு முன் ஹிண்டன்பர்க் வந்து, ராணுவம் தோற்கவில்லை, முதுகில் குத்தப்பட்டது என்று சொன்னார். யார் குத்தியது? சோஷலிஸ்டுகளும் யூதர்களும் என்று வலதுசாரிகள் நிரப்பிக்கொண்டார்கள். தோற்ற தளபதி, தன் தோல்வியை அப்பாவிகள் தலையில் கட்டினார்.

அப்படி என்ன கோபம் யூதர்கள் மேல்? அவர்கள் என்ன செய்தார்கள்?

"என்ன செய்தார்கள்" என்ற கேள்வியே நம்மை வழி தவற வைக்கும். வெறுப்பு முதலில் இருந்தது, காரணங்களைப் பின்னால் தேடி ஒட்டினார்கள்.

ஐரோப்பாவில் இதற்கு வயது அதிகம். இயேசுவைக் கொன்றவர்கள் என்ற பழி நூற்றாண்டுகளாகப் பிரசங்க மேடையிலிருந்து சொல்லப்பட்டது. பல நாடுகளில் நிலம் வாங்கவும் கைத்தொழில் சங்கங்களில் சேரவும் யூதர்களுக்குத் தடை இருந்தது; வட்டித் தொழில் கிறிஸ்தவர்களுக்கு விலக்கு. அதில் யூதர்கள் நுழைந்ததும் "வட்டிக்காரன்" என்ற வசை வந்தது. சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரே 1543-ல் யூதக் கோயில்களைக் கொளுத்தச் சொல்லி எழுதியிருக்கிறார்.

19-ஆம் நூற்றாண்டில் இது வேறு உருவம் எடுத்தது. மதத்தைச் சொல்லி வெறுத்தவரை, மதம் மாறினால் தப்பிக்க வழி இருந்தது. இனம் என்று பேச ஆரம்பித்ததும் அந்தக் கதவும் அடைபட்டது. 1879-ல் வில்ஹெல்ம் மார் என்ற பத்திரிகையாளர் இதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். அதே ஆண்டு பெர்லின் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியர் ட்ரைட்ஷ்கே, "யூதர்களே நம் துரதிர்ஷ்டம்" என்று எழுதினார். எழுதியது தெருச் சண்டியர் இல்லை, மாணவர்கள் மதித்த பேராசிரியர். சுமார் ஐம்பது வருஷம் கழித்து அதே வாக்கியம் நாஜிகளின் கேவலமான வாரப் பத்திரிகையில் இதழ்தோறும் முதல் பக்கத்தின் அடியில் அச்சாயிற்று.

1903-ல் ரஷ்யாவில் ஒரு போலி ஆவணமும் அச்சில் வந்தது. உலகத்தை ஆளச் சதி செய்யும் யூதப் பெரியவர்களின் கூட்ட நடவடிக்கைகள் என்று சொல்லிக்கொண்டது அது. பழைய பிரெஞ்சு அரசியல் நையாண்டி நூல் ஒன்றிலிருந்து திருடிக் கட்டியது என்று 1921-லேயே லண்டன் 'டைம்ஸ்' பக்கம் பக்கமாக ஒப்பிட்டுக் காட்டியது. நம்ப விரும்பியவர்களுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. முதலாளித்துவமும் யூத சதி, கம்யூனிசமும் யூத சதி என்று ஒரே மூச்சில் சொல்ல முடிந்தது என்றால், அந்த நம்பிக்கைக்கும் ஆதாரத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்றுதானே அர்த்தம்?

ஜெர்மனியின் செல்வமெல்லாம் அவர்கள் கையில் இருந்ததாமே?

1933-ல் ஜெர்மனியில் யூதர்கள் சுமார் 5 லட்சம் பேர். மக்கள்தொகையில் 1 சதவீதத்துக்கும் குறைவு. நகரங்களில் வழக்கறிஞர், மருத்துவர், துணிக்கடைக்காரர் மத்தியில் அவர்கள் விகிதம் கூடுதல்தான். அரசு வேலையும் ராணுவப் பதவியும் நீண்ட காலம் மறுக்கப்பட்ட சமூகம் படிப்பிலும் வியாபாரத்திலும் போய்ச் சேர்ந்ததில் என்ன ஆச்சரியம்? பெரிய ஆலைகளும் கனரகத் தொழிலும் நிலங்களும் பெரும்பாலும் யூதர் அல்லாதவர் கையில்தான் இருந்தன.

முதல் உலகப் போரில் சுமார் 1 லட்சம் யூதர்கள் ஜெர்மன் சீருடையில் போனார்கள். சுமார் 12,000 பேர் திரும்பவில்லை. போர் நடக்கும்போதே, 1916-ல், யூதர்கள் களத்துக்கு வராமல் ஒதுங்குகிறார்களா என்று ராணுவம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. அதன் முடிவைப் போர் முடியும்வரை வெளியிடவே இல்லை. சந்தேகம் மட்டும் ஊரெல்லாம் பரவியது.

ஹிட்லருக்குச் சொந்தப் பகை ஏதாவது உண்டா? ஓவியக் கல்லூரியில் இடம் தராதவர் யூதர் என்கிறார்களே?

இந்த மாதிரிக் கதைகளில் எனக்கு ஈடுபாடு இல்லை. ஒரு மனிதனின் மனக்காயத்தால் ஒரு கண்டம் எரிந்தது என்று சொன்னால், உடன் நின்ற லட்சக்கணக்கானவர்கள் தப்பித்துவிடுகிறார்கள். அவருடைய தாய்க்குப் புற்றுநோய் சிகிச்சை செய்தவர் ஒரு யூத மருத்துவர், அவரிடம் இளைஞர் ஹிட்லர் நன்றியோடுதான் இருந்தார் என்பது மட்டும் பதிவில் இருக்கிறது.

அரசியல் ரீதியாக முதல் ஆவணம் 1919 செப்டம்பர் 16 தேதியிட்ட ஒரு கடிதம். ராணுவத்தில் பிரச்சார வேலையில் இருந்தபோது மேலதிகாரி சொல்லி எழுதியது. உணர்ச்சிவசப்பட்டுக் கலவரம் செய்வது பிரயோஜனமில்லை, சட்டப்படி யூதர்களின் உரிமைகளைப் பறிக்க வேண்டும், கடைசி இலக்கு அவர்களை முழுவதுமாக அகற்றுவது என்கிறது அது. 1920 பிப்ரவரியில் கட்சி வெளியிட்ட 25 அம்சத் திட்டத்தின் 4-வது அம்சம், யூதர் யாரும் குடிமகனாக இருக்க முடியாது என்றது. யாரும் ஒளித்து வைக்கவில்லை. ஆட்சிக்கு வருவதற்கு 13 வருஷம் முன்பே அச்சடித்துக் கொடுத்தார்கள். "பேச்சுக்குச் சொல்கிறார்கள், பதவிக்கு வந்தால் அடங்கிவிடுவார்கள்" என்று பெரிய மனிதர்கள் ஒதுக்கிவிட்டார்கள்.

சான்சலர் ஆனவர் சர்வாதிகாரி ஆக எத்தனை நாள் ஆயிற்று?

பிடி விழ இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

1933 பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மாரினுஸ் வான் டெர் லுப்பே என்ற டச்சு இளைஞர் உள்ளே பிடிபட்டார். மறுநாளே அவசர ஆணை: பேச்சுரிமை, பத்திரிகை, கூட்டம், கடித ரகசியம், காரணமின்றிக் கைது செய்யப்படாத உரிமை எல்லாம் 'மறு உத்தரவு வரும்வரை' நிறுத்தம். அந்த மறு உத்தரவு 1945 வரை வரவில்லை. கோரிங் ஏற்கெனவே நாஜிக் குண்டர்களுக்குக் கைப்பட்டை கட்டித் துணைப் போலீஸ் ஆக்கியிருந்தார். இந்தப் பயமுறுத்தலோடு மார்ச் 5 தேர்தல் நடந்தது. அப்போதும் அவர்களுக்கு 43.9 சதவீதம்தான்.

மார்ச் 23 அன்று குரோல் ஓபரா அரங்கில் நாடாளுமன்றம் கூடியது. நாடாளுமன்றத்தின் சம்மதமில்லாமலே அமைச்சரவை சட்டம் இயற்றலாம் என்ற மசோதா. மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் 81 பேரும் சிறையிலோ தலைமறைவிலோ இருந்தார்கள். அரங்கின் நடைபாதையில் நாஜிகளின் பழுப்புச் சட்டைப் படை நின்றுகொண்டிருந்தது. கத்தோலிக்க மையக் கட்சி, வாய்மொழி வாக்குறுதிகளை நம்பி ஆதரவு கொடுத்தது. சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஓட்டோ வெல்ஸ் மட்டும் எழுந்து எதிர்த்துப் பேசினார்: "எங்கள் சுதந்திரத்தையும் உயிரையும் பறிக்கலாம், எங்கள் மானத்தைப் பறிக்க முடியாது." ஆதரவு 444, எதிர்ப்பு 94. அந்த 94-ம் அவருடைய கட்சி. அன்றைக்கு அந்த அரங்கில் எழுந்து நின்று இதைச் சொல்ல என்ன நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும்!

அதற்கு முதல் நாள்தான் அரசியல் எதிரிகளை அடைத்துவைக்கும் டாஹௌ முகாம் திறக்கப்பட்டிருந்தது. மே மாதம் தொழிற்சங்கங்கள் போயின. ஜூலை 14 அன்று நாஜிக் கட்சி தவிர வேறு கட்சி குற்றம் என்று சட்டம். 1934 ஜூன் 30 அன்று ஹிட்லரின் சொந்தப் படைத் தலைவர் எர்ன்ஸ்ட் ரோம் என்பவரையும் கூட்டாளிகளையும் பழைய எதிரிகளையும் விசாரணையின்றிச் சுட்டுக் கொன்றார்கள். அதில் முன்னாள் சான்சலர் ஷ்லைஷரும் மனைவியும் அடக்கம். சில நாளில் அமைச்சரவை கூடி, நடந்ததெல்லாம் சட்டபூர்வமே என்று பின்னோக்கி ஒரு சட்டம் போட்டது. ஆகஸ்ட் 2-ல் ஹிண்டன்பர்க் இறந்தார். ராணுவ வீரர்கள் நாட்டின் பெயரால் எடுத்த உறுதிமொழியை ஹிட்லர் என்ற தனி மனிதரின் பெயரால் மறுபடி எடுத்தார்கள்.

யூதர்களுக்கு எதிராக முதலில் என்ன செய்தார்கள்?

1933 ஏப்ரல் 1, சனிக்கிழமை, யூதர் கடைகளின் வாசலில் ஆட்களை நிறுத்தி, உள்ளே போகாதே என்று மறித்தார்கள். மக்கள் ஆதரவு பெரிதாக இல்லை, ஒரே நாளில் முடித்துக்கொண்டார்கள். தெருவில் தோற்றது, அடுத்த வெள்ளிக்கிழமை அரசாணையாக வந்தது. ஏப்ரல் 7 சட்டம் அரசுப் பணியிலிருந்து யூதர்களை வெளியேற்றியது.

இதில் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். போரில் முன்னணியில் நின்றவர்களுக்கு விலக்கு தர வேண்டும் என்று ஹிண்டன்பர்க் கேட்டதால் அந்த விதி சேர்ந்தது. யூதர்கள் போருக்கே போகவில்லை என்று சொந்தப் பிரச்சாரத்தையே நம்பியிருந்த நாஜிகள், சிலர்தான் தப்பிப்பார்கள் என்று நினைத்தார்கள். யூத வழக்கறிஞர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் விலக்குக்குத் தகுதி பெற்றார்கள். பொய் அம்பலமானது. பொய்யை விடவில்லை, இரண்டு வருஷத்தில் விலக்கை எடுத்துவிட்டார்கள்.

யார் யூதர் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

1935 செப்டம்பர் 15 அன்று நியூரம்பெர்க் கட்சி மாநாட்டில் இரண்டு சட்டங்கள். ஒன்று, 'ஜெர்மன் ரத்தம்' உள்ளவரே முழுக் குடிமகன். இன்னொன்று, யூதருக்கும் மற்றவருக்கும் திருமணமும் உறவும் குற்றம். 45 வயதுக்குட்பட்ட ஜெர்மன் பெண்கள் யூதர் வீட்டில் வேலை செய்யக் கூடாது.

சட்டம் போட்டாயிற்று, யூதர் என்றால் யார் என்று அதில் எழுதவில்லை. இரண்டு மாதம் அதிகாரிகளும் கட்சிக்காரர்களும் அடித்துக்கொண்டு நவம்பர் 14-ல் விதி வந்தது. தாத்தா பாட்டி நான்கு பேரில் மூன்று பேர் யூதர் என்றால் நீங்கள் யூதர். இரண்டு பேர் என்றால், நீங்கள் யூத சமயச் சபையில் உறுப்பினரா, யூதரை மணந்திருக்கிறீர்களா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் 'கலப்பு, முதல் வகை'. ஒருவர் மட்டும் என்றால் 'கலப்பு, இரண்டாம் வகை'.

சரி, தாத்தா யூதர் என்பதற்கு அத்தாட்சி? அவர் யூத சமயச் சபையில் இருந்தாரா என்பதுதான். ரத்தம், இனம், அறிவியல் என்று அத்தனை ஆரவாரம் செய்துவிட்டு, கடைசியில் மதப் பதிவேட்டைத்தான் புரட்டினார்கள். ரத்தத்தில் பார்க்க எதுவும் இல்லை. லட்சக்கணக்கான மக்கள் தேவாலய அலுவலகங்களுக்கு எழுதி, தாத்தாவின் ஞானஸ்நானச் சான்றிதழை வாங்கி, மூதாதையர் புத்தகத்தில் முத்திரை போட்டு வைத்துக்கொண்டார்கள். பாதிரியார்கள் பழைய ஏட்டைத் திறந்து தேடிக் கொடுத்தார்கள். அவர்களில் பலர் தாம் யாருக்கும் தீங்கு செய்யவில்லை என்றே நினைத்திருப்பார்கள். வேலைக்குச் சேர, கல்யாணம் செய்ய, படிக்க அந்தச் சான்றிதழைக் கேட்கும் நாட்டில், சான்றிதழ் கிடைக்காதவர் தானாகவே பிரிந்து நின்றார்.

அன்றாட வாழ்க்கை எப்படி மாறியது?

ஒருவரைப் பார்த்தால் புரியும். விக்டர் கிளெம்பெரர், டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கியப் பேராசிரியர். தந்தை யூத மத குரு. இவர் புராட்டஸ்டன்ட் ஆனவர். முதல் உலகப் போரில் தானாகப் போய்ச் சேர்ந்த சிப்பாய். மனைவி ஏஃபா யூதர் அல்ல. கண்டுபிடித்தால் உயிர் போகும் என்று தெரிந்தே நாட்குறிப்பு எழுதி, தாள்களை மனைவி மூலம் நண்பர் வீட்டில் ஒளித்து வைத்தார்.

1935-ல் வேலை போயிற்று. பிறகு நூலகம் மூடப்பட்டது, அதாவது அவருக்கு மட்டும். ஆராய்ச்சி நின்றது. 1938 டிசம்பரில் ஓட்டுநர் உரிமம் போனது. ஆசையாய்க் கட்டிய வீட்டை விட்டு, 1940-ல் யூதர்களை நெருக்கி அடைத்த பொது வீட்டுக்கு மாறினார்கள். 1941 செப்டம்பரில் மஞ்சள் நட்சத்திரம் சட்டையில் ஏறியது. தட்டச்சு இயந்திரம் பறிபோனது. 1942 மே மாதம் யூதர்கள் வீட்டு விலங்குகள் வைத்திருக்கக் கூடாது என்று ஆணை. அவர்களிடம் முஷெல் என்றொரு பூனை. யாருக்கும் கொடுக்கவும் அனுமதியில்லை. ஏஃபா அதைக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிப்போய் வலியில்லாமல் கொல்லச் செய்தார்.

ஒரு பூனையால் அரசுக்கு என்ன ஆபத்து? அந்த ஆணையை யாரோ ஒரு குமாஸ்தா தட்டச்சு செய்து, ஒருவர் சரிபார்த்து, ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மேலிருந்து கேட்டதற்கு மேலேயே கீழே இருந்தவர்கள் யோசித்துக் கொடுத்த கொடுமைகள் இப்படி நூற்றுக்கணக்கில் உண்டு.

கிளெம்பெரர் உயிர் பிழைத்தார். யூதர் அல்லாத மனைவி விவாகரத்துச் செய்யாமல் கூடவே நின்றது முதல் காரணம். கடைசியில் 1945 பிப்ரவரி 13 அன்று, டிரெஸ்டனில் மிஞ்சியிருந்த யூதர்களுக்கு அழைப்பாணை கொடுக்கும் வேலை அவர் தலையிலேயே விழுந்தது. அன்றிரவு நேசநாட்டு விமானங்கள் நகரைக் குண்டு வீசி எரித்தன. அந்தக் குழப்பத்தில் நட்சத்திரத்தைப் பிய்த்தெறிந்துவிட்டு இருவரும் தப்பினார்கள்.

இவ்வளவு நடக்கும்போது ஏன் வெளியேறவில்லை?

பாதிக்கும் மேல் வெளியேறினார்கள். மற்றவர்களுக்கு வழி அடைபட்டிருந்தது. போனால் சொத்தில் கால்வாசியை வரியாகப் பிடுங்கினார்கள். மிச்சமும் மாற்று விகிதத்தில் கரைந்தது. கடைசிக் காலத்தில் கையில் 10 மார்க் கொண்டுபோகத்தான் அனுமதி. அப்படி ஓட்டாண்டியாக வருபவரை எந்த நாடு ஏற்கும்? 1938 ஜூலையில் பிரான்சின் எவியான் நகரில் 32 நாடுகள் கூடி அனுதாபம் தெரிவித்துவிட்டுக் கலைந்தன. டொமினிக்கன் குடியரசு தவிர யாரும் கதவைப் பெரிதாகத் திறக்கவில்லை. 1939 மே மாதம் ஹாம்பர்க்கிலிருந்து 937 பயணிகளோடு போன 'செயின்ட் லூயிஸ்' கப்பலைக் கியூபா இறங்கவிடவில்லை, அமெரிக்காவும் ஏற்கவில்லை. ஐரோப்பாவுக்கே திரும்பிய அந்தப் பயணிகளில் 254 பேர் பின்னர் கொல்லப்பட்டார்கள்.

வயதானவர்கள் பலர் தங்கிவிட்டார்கள். பிறந்த ஊர், போரில் வாங்கிய பதக்கம், பழகிய மொழி. இதுவும் கடந்து போகும் என்று நினைத்தார்கள்.

1938 நவம்பரில் நடந்தது என்ன?

பாரிஸில் ஹெர்ஷெல் கிரின்ஸ்பான் என்ற 17 வயது யூதப் பையன் ஜெர்மன் தூதரக அதிகாரி ஒருவரைச் சுட்டான். அவனுடைய பெற்றோர் உட்பட சுமார் 17,000 போலந்து யூதர்களை ஜெர்மனி அதற்குச் சில நாள் முன்புதான் எல்லையில் கொண்டுபோய்த் தள்ளியிருந்தது. அதிகாரி நவம்பர் 9-ல் இறந்ததும் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் தூண்டிவிட, நாடு முழுவதும் யூதக் கோயில்கள் எரிந்தன, கடைகள் நொறுங்கின. தீயணைப்பு வண்டிகள் வந்தன, பக்கத்துக் கட்டடங்களுக்குத் தீ பரவாமல் மட்டும் பார்த்துக்கொண்டன. சுமார் 30,000 ஆண்களை முகாம்களுக்கு இழுத்துப்போனார்கள். பிறகு, பரிகாரம் என்ற பெயரில் 100 கோடி மார்க் கட்டும்படி யூதர்களுக்கே அபராதம் விதித்தார்கள். காப்பீட்டுத் தொகையையும் அரசே எடுத்துக்கொண்டது.

சட்டத்திலிருந்து கொலை முகாம் வரை எப்படிப் போனார்கள்?

போர் வந்தது. 1941 ஜூனில் சோவியத் நாட்டில் நுழைந்த படைகளுக்குப் பின்னாலேயே கொலைக் குழுக்கள் போயின. கீவ் நகருக்கு வெளியே பாபி யார் பள்ளத்தாக்கில் இரண்டே நாளில் 33,771 பேரைச் சுட்டார்கள். எண் நமக்குத் தெரிவதற்குக் காரணம், கொன்றவர்களே எண்ணி அறிக்கை அனுப்பியதுதான்.

1942 ஜனவரி 20 அன்று பெர்லினுக்கு வெளியே வான்சீ ஏரிக்கரை மாளிகையில் 15 அதிகாரிகள் கூடினார்கள். எட்டுப் பேர் முனைவர் பட்டம் பெற்றவர்கள். ஐரோப்பா முழுவதும் 1.1 கோடி யூதர்கள் என்று நாடுவாரியாகப் பட்டியல். அல்பேனியா 200 என்றுகூட அதில் இருக்கிறது. கொல்வதா வேண்டாமா என்று அங்கே விவாதிக்கவில்லை. கொலை ஏற்கெனவே தொடங்கிவிட்டது. துறைகளை ஒருங்கிணைக்கத்தான் கூட்டம்.

கொண்டுபோன ரயிலுக்கு ரயில்வே கட்டணம் வசூலித்தது. மூன்றாம் வகுப்புக் கணக்கு, 10 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரைக் கட்டணம், 4 வயதுக்குட்பட்டால் இலவசம், 400 பேருக்கு மேல் போனால் கூட்டத் தள்ளுபடி. 1941 நவம்பரில் ஒரு விதி வந்தது: வெளிநாட்டில் வசிக்கும் யூதர் குடியுரிமை இழப்பார், சொத்து அரசுக்குச் சேரும். எல்லையைத் தாண்டி நாடுகடத்தப்படும் கணத்திலேயே அது அமலாகும். வீட்டில் விட்டுப்போன மேசை, கட்டில், போர்வை எல்லாம் ஏலத்துக்கு வந்தன. அண்டை அயலார் வாங்கிப் போனார்கள். ஆகவே, "ஜெர்மன் மக்களுக்கு எதுவுமே தெரியாது" என்பதை என்னால் ஏற்க முடியாது.

மொத்தம் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். போலந்தில் இருந்த ஆஷ்விட்ஸ் கொலை முகாமில் மட்டும் சுமார் 10 லட்சம்.

யாருமே எதிர்க்கவில்லையா?

எதிர்த்தார்கள், மிகச் சிலர். மாற்றுத்திறனாளிகளை அரசு ரகசியமாகக் கொல்வதை 1941 ஆகஸ்டில் பிஷப் காலென் பிரசங்க மேடையிலேயே கண்டித்தார். ஹிட்லர் அந்தத் திட்டத்தை வெளிப்படையாக நடத்துவதை நிறுத்த வேண்டிவந்தது. அதுவரை சுமார் 70,000 பேர் வாயு அறையில் இறந்திருந்தார்கள். எதிர்ப்புக்குப் பலன் இருந்தது என்பதற்கு இது சாட்சி. யூதர்களுக்காக எந்த ஜெர்மன் பிஷப்பும் அப்படி மேடையேறவில்லை என்பதுதான் வேதனை. பெர்லின் பாதிரியார் பெர்ன்ஹார்ட் லிக்டன்பெர்க் 1938 நவம்பர் முதல் யூதர்களுக்காகத் தேவாலயத்தில் வெளிப்படையாக ஜெபித்தார். 1941-ல் கைது, 1943-ல் டாஹௌ போகும் வழியில் இறந்தார். 1943-ல் பெர்லின் ரோசன் தெருவில், பிடித்துவைத்த யூதக் கணவர்களை விடச் சொல்லி மனைவிமார்கள் நாள்கணக்கில் நின்றார்கள். கணவர்கள் பெரும்பாலோர் வீடு திரும்பினார்கள்.

இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினியும் இதே ரகமா?

ஆட்சி முறையில் அவர் முன்னோடி. 1922-லேயே ரோமில் அதிகாரத்தைப் பிடித்தார். ஆனால் இத்தாலியப் பாசிசக் கட்சியில் தொடக்கத்தில் யூத உறுப்பினர்கள் இருந்தார்கள். இனச் சட்டங்கள் 1938-ல்தான் வந்தன. வெறுப்பு தொடக்கத்தில் அச்சாணியாக இல்லாத இடத்திலும் தேவைப்பட்டபோது பொருத்திக்கொள்ள முடிந்தது. அதற்காக எடுத்த யூதர் கணக்கெடுப்பு பிறகு விபரீதமானது. 1943 அக்டோபர் 16 அன்று ஜெர்மானியர்கள் ரோமில் பிடித்து ஆஷ்விட்ஸுக்கு அனுப்பிய 1,000-க்கும் மேற்பட்டவர்களில் திரும்பியவர்கள் 16 பேர்.

ஹிட்லர் வேலையில்லாத் திண்டாட்டத்தை ஒழித்தார், சாலை போட்டார் இல்லையா?

'ஆட்டோபான்' எனப்படும் அந்த வகை முதல் அதிவேகச் சாலை கொலோன்–பான் இடையே 1932 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. திறந்தவர் கொலோன் மேயர் அடினாவர். வேலை பெருகியதற்குப் பெரிய காரணம் ஆயுத உற்பத்தி, அதுவும் கணக்கில் காட்டாத கடனில். கட்டாய ராணுவச் சேவையில் இளைஞர்கள் போனார்கள். துரத்தப்பட்டவர்களின் பதவி மற்றவர்களுக்குக் கிடைத்தது. அந்தக் கடனை அடுத்த நாடுகளைக் கொள்ளையடிக்காமல் அடைக்க முடியாது. போருக்கான செலவைத்தான் முன்னேற்றம் என்று நம்மில் பலர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஹிட்லர் இந்தியாவின் நண்பர் என்கிறார்களே? ஸ்வஸ்திகா, ஆரியர் என்றெல்லாம் பேசினாரே?

'மெய்ன் காம்ஃப்' என்ற தன் நூலிலேயே இந்திய விடுதலைப் போராளிகளை ஏளனம் செய்து, இந்தியா வேறு யார் கையிலும் இருப்பதைவிட ஆங்கிலேயர் ஆட்சியில் இருப்பதே மேல் என்று எழுதியவர் அவர். 1937-ல் தன்னைச் சந்தித்த பிரிட்டிஷ் அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் பிரபுவிடம், காந்தியைச் சுட்டுவிடுங்கள் என்று யோசனை சொன்னார். சுபாஷ் சந்திர போஸ் 1942 மே மாதம் நேரில் சந்தித்தபோது நூலின் அந்தப் பகுதிகளைப் பற்றிப் பேச்செடுத்தார்; ஹிட்லர் மழுப்பினார்.

ஆரியர் பேச்சு எவ்வளவு போலி என்பதற்கு, ஐரோப்பாவில் 'ஜிப்சி' என்று அழைக்கப்பட்ட ரோமா மக்கள் போதும். பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து போனவர்கள். அவர்கள் மொழி இந்தி, பஞ்சாபியின் உறவு. அவர்களிலும் குறைந்தது 2 லட்சம் பேரை நாஜிகள் கொன்றார்கள்.

சட்டங்களை எழுதியவர்கள் என்ன ஆனார்கள்?

உள்துறை அமைச்சர் ஃப்ரிக் 1946-ல் தூக்கிலிடப்பட்டார். பாப்பென் நியூரம்பெர்க் விசாரணையில் விடுதலை. பிறகு ஜெர்மன் நீதிமன்றம் கொடுத்த தண்டனையிலும் சீக்கிரமே வெளியே வந்து 1969 வரை வாழ்ந்தார். 1935 சட்டத்தை வரைந்து, வான்சீ கூட்டத்திலும் உட்கார்ந்த ஸ்டுக்கார்ட்டுக்கு, ஏற்கெனவே காவலில் இருந்த காலமே தண்டனை என்று 1949-ல் விடுதலை.

அவரோடு சேர்ந்து அந்தச் சட்டங்களுக்கு அதிகாரபூர்வ விளக்கவுரை எழுதியவர் உள்துறை அதிகாரி ஹான்ஸ் குளோப்கே. யூத ஆண்கள் பெயரோடு 'இஸ்ரேல்' என்றும் பெண்கள் 'சாரா' என்றும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற 1938 ஆணையிலும் அவர் கை இருந்தது. 1953 முதல் 1963 வரை, மேற்கு ஜெர்மனியில் சான்சலர் அடினாவரின் அலுவலகத்தை நடத்திய தலைமை அதிகாரி அவர்தான். முழு ஓய்வூதியத்தோடு பணி ஓய்வு பெற்றார்.